ஆடு புலி ஆட்டமும் பல்லாங்குழியும்: காயைத் தொடும் முன் கணக்குப் போடப் பழகுவது எப்படி

மூளைக்கு வேலை தரும் விளையாட்டு என்று எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. காயைத் தொடுவதற்கு முன் யோசித்தால்தான் அது மூளைக்கு வேலை. தொட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆடினால் கைக்கு மட்டும்தான் வேலை. ஆடு புலி ஆட்டத்தை இருபது வருடமாக ஆடுகிறவர்களிலும் எந்த ஆடு வெட்டுப்படும் என்று பார்க்காமலே வைக்கிறவர்கள் உண்டு. இந்த வழிகாட்டி இரண்டே விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை யோசனைப் பயிற்சியாக ஆடுவது எப்படி என்று சொல்கிறது. ஆடு புலி ஆட்டம் முன்கூட்டிப் பார்க்கவும், பல்லாங்குழி மனக்கணக்குக்கும் நினைவுக்கும்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். ஒரு விளையாட்டைத் தொடர்ந்து ஆடினால் அந்த விளையாட்டில் தேறுவோம், அது நிச்சயம். அதனால் மறதி நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2016இல் லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்திய நிறுவனம், இப்படிப்பட்ட விளம்பரங்களுக்காக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை 20 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. வீட்டில் பெரியவருக்கு மறதி கூடிக்கொண்டே போனால் பலகையை எடுப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம், எண்களை மனதில் பிடித்து வைக்கும் பழக்கம், தோற்ற இடத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் ஆகியவற்றை இந்த ஆட்டங்களில் நன்றாகவே பழகலாம்.

ஆடு புலி: கோடு போடுவது

கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அரை சார்ட் தாள் போதும். அளவோடு போட்டால் பிறகு சண்டை வராது.

மேலே நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அது உச்சி. அதிலிருந்து நேர் கீழே 40 செ.மீ. தள்ளி 30 செ.மீ. நீளத்தில் ஓர் அடிக்கோடு, உச்சிக்கு நேர் கீழே அதன் நடு வரும்படி. அடிக்கோட்டில் 10 செ.மீ. இடைவெளியில் நான்கு புள்ளிகள், இரு முனைகளும் சேர்த்து. உச்சியிலிருந்து இந்த நான்குக்கும் நான்கு நேர்கோடுகள். இவற்றைக் கால்கள் என்று வைத்துக்கொள்வோம், இடமிருந்து வலமாக 1 முதல் 4 வரை.

இனி உச்சியிலிருந்து 16, 24, 32 செ.மீ. இறக்கத்தில் மூன்று குறுக்குக் கோடுகள், ஒவ்வொன்றும் 34 செ.மீ. நீளம். அவற்றின் இடது முனைகளை மேலிருந்து கீழாக ஒரு கோட்டால் சேருங்கள், வலது முனைகளையும் அப்படியே. முக்கோணத்தின் மேல் ஒரு செவ்வகம் படுத்திருப்பதுபோல் தெரியும்.

முதல் குறுக்குக் கோட்டை உச்சிக்கு அருகே போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அங்கே கால்கள் நெருங்கியிருப்பதால் காய்கள் ஒன்றோடொன்று முட்டும், எது எந்தப் புள்ளியில் நிற்கிறது என்றே தெரியாது. 16 செ.மீ. இறக்கத்தில் போட்டால் புள்ளிகளுக்கு நடுவே 4 செ.மீ. கிடைக்கும். அடிக்கோட்டைக் கால்களுக்கு வெளியே நீட்டுவதும், செவ்வகத்தின் ஓரக் கோட்டை அடிக்கோடு வரை இழுப்பதும் அடுத்த தவறுகள். போட்டு முடித்ததும் எண்ணுங்கள்: உச்சி 1, மூன்று குறுக்குக் கோட்டிலும் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 வர வேண்டும்.

பேச வசதியாகப் புள்ளிகளுக்குப் பெயர் வைப்போம். குறுக்குக் கோடுகள் மேல், நடு, கீழ். நடுக்கோடு இரண்டாம் காலை வெட்டும் இடம் நடு-2. இடது ஓரம் நடு-இ, வலது ஓரம் நடு-வ. அடிக்கோட்டில் அடி-1 முதல் அடி-4 வரை. பலகையிலேயே பென்சிலால் சிறிதாக எழுதி வைத்தால் இன்னும் நல்லது. தோற்ற ஆட்டத்தைப் பிறகு பேச வேண்டும் என்றால் பெயர் வேண்டும்.

காய்கள்: புலிக்கு 3, ஆட்டுக்கு 15. புலிக்குப் பெரிய கூழாங்கல்லோ பாட்டில் மூடியோ வைக்கலாம். ஆட்டுக்குப் புளியங்கொட்டை. குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் அதன் பருப்பு கடும் விஷம். குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

ஆடும் முறை

ஊருக்கு ஊர் விதி மாறும். கீழே உள்ளது பரவலான ஒரு முறை. மாறக்கூடிய இடங்களை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

1. மூன்று புலிகளும் உச்சி, மேல்-2, மேல்-3 ஆகிய இடங்களில் நிற்கும்.
2. ஆட்டுக்காரர் ஓர் ஆட்டை வெற்றுப் புள்ளி ஒன்றில் வைப்பார். பிறகு புலிக்காரர் ஒரு புலியைக் கோட்டின் வழியே பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்துவார். இப்படி மாறி மாறி.
3. 15 ஆடும் இறங்கி முடியும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. முடிந்த பின் ஆடும் ஒரு புள்ளி நகரலாம்.
4. புலிக்குப் பக்கத்தில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி அதைத் தாண்டி வெட்டலாம். அடுத்தடுத்து இரண்டு ஆடுகள் நின்றால் தாண்ட முடியாது. புலி புலியைத் தாண்டாது. ஆடு எதையும் தாண்டாது.
5. மூன்று புலிகளும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

பேசி வைக்க வேண்டியவை: ஒரே முறையில் இரண்டு மூன்று ஆடுகளைத் தொடர்ந்து வெட்டலாமா, வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆக வேண்டுமா, எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி. புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு முறைக்கு ஒரு வெட்டு, கட்டாயம் இல்லை, 6 ஆடு போனால் புலி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் ஒவ்வொரு ஆட்டுக்கும் மதிப்பு இருக்கும், அரை மணியில் ஆட்டமும் முடியும்.

எந்தப் புள்ளி எப்படிப்பட்டது

இங்கேதான் யோசனை தொடங்குகிறது. ஓர் ஆடு வெட்டுப்பட வேண்டுமானால் அது ஒரு நேர்கோட்டில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அப்படியானால் எந்தக் கோட்டுக்கும் நடுவில் இல்லாத புள்ளியில் நிற்கும் ஆட்டைப் புலி தொடவே முடியாது. அப்படி 7 புள்ளிகள் இருக்கின்றன: உச்சி, செவ்வகத்தின் நான்கு மூலைகள் (மேல்-இ, மேல்-வ, கீழ்-இ, கீழ்-வ), அடிக்கோட்டின் இரு முனைகள் (அடி-1, அடி-4). நடு-இ, நடு-வ, அடி-2, அடி-3 ஆகிய நான்கிலும் ஒரே ஒரு திசையில்தான் ஆபத்து. மிச்சம் 12 புள்ளிகளிலும் குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு திசையில் ஆபத்து.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். பலகையைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து, இங்கே எத்தனை கோடு குறுக்கே ஓடுகிறது என்று ஒரு தடவை நீங்களே பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. பல வருடம் ஆடியவர்கள்கூட இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

அடுத்து ஒரு கொள்கை, ஆட்டுக்காரருக்கு இதுவே முக்கால் ஆட்டம்: ஓர் ஆட்டின் வழியே ஓடும் ஒவ்வொரு கோட்டிலும், அதன் இரு பக்கத்தில் ஒரு பக்கமாவது இன்னோர் ஆடு தாங்கி நின்றால் அந்த ஆட்டை வெட்ட முடியாது. தாங்கும் ஆடு நிற்கும் இடத்தில் புலி நிற்கவும் முடியாது, அங்கே போய் இறங்கவும் முடியாது. வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அவ்வளவுதான்: குறுக்கே தாங்கல் இருக்கிறதா, நெடுக்கே தாங்கல் இருக்கிறதா?

ஆட்டுக்காரர்: கீழிருந்து கட்டுங்கள்

முதல் ஆட்டை மேல்-1இல் வைத்தால் மேல்-2இல் நிற்கும் புலி அதைத் தாண்டி மேல்-இக்குப் போய்விடும். நடு-2இல் வைத்தாலும் அதே கதி, புலி கீழ்-2இல் இறங்கும். புலியை மறிக்கிறேன் என்று பக்கத்தில் போய் வைப்பது புதியவர்களின் முதல் பிழை.

முதல் நான்கு ஆடுகளை அடி-1, அடி-4, கீழ்-இ, கீழ்-வ ஆகிய இடங்களில் வையுங்கள், எந்த வரிசையில் வைத்தாலும் சரி. தொடக்க இடத்திலிருந்து எந்தப் புலிக்கும் இந்த நான்கில் எதை அடையவும் குறைந்தது 4 நகர்வு வேண்டும். நீங்கள் நான்காவது ஆட்டை வைக்கும்போது புலி 3 நகர்வுதான் முடித்திருக்கும். ஆகவே இந்த நான்கு இடமும் உங்களுக்கு உறுதி. மேல் மூலைகள் அப்படி இல்லை. மேல்-2 புலி இரண்டே நகர்வில் மேல்-இக்கு வந்துவிடும். அதனால் அவற்றுக்கு முதலில் ஓடாதீர்கள்.

இந்த நான்கு இடமும் கிடைத்துவிட்டால் அடித்தளம் போட்டாயிற்று. அடி-1 இருப்பதால் அடி-2 உடனே பாதுகாப்பு. அடி-4 இருப்பதால் அடி-3ம் அப்படியே. கீழ்-1க்குக் குறுக்கே கீழ்-இ தாங்குகிறது, நெடுக்கே அடி-1 தாங்குகிறது. கீழ்-4க்கும் இதே கணக்கு. கீழ்-1ம் அடி-2ம் நின்றதும் கீழ்-2 பாதுகாப்பு. இப்படிச் சுவர் எழுப்புவதுபோல் வரிசை வரிசையாக மேலே போகலாம். புலி குறுக்கிடாவிட்டால் 15 ஆடும் ஒன்றுகூட வெட்டுப்படாத இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் புலி குறுக்கிடும். உதாரணமாக ஒரு புலி மூன்று நகர்வில் அடி-2இல் வந்து உட்காரலாம். பதற வேண்டாம். அந்த இடத்தில் புலியை அடைக்க 5 ஆடு போதும்: அடி-1, அடி-3, அடி-4, கீழ்-2, நடு-2. அதில் இரண்டு ஏற்கனவே நிற்கின்றன. அடி-3ஐ வைத்தால் அடி-4 தாங்கும். சிக்கல் கீழ்-2இலும் நடு-2இலும்தான். நடு-2 காலியாக இருக்கும்போது கீழ்-2ஐ வைத்தால் புலி அதை நெடுக்காக வெட்டிவிடும். ஆகவே நடு-2 முதலில், அதற்கும் முன் நடு-1க்கோ நடு-3க்கோ ஒரு தாங்கல். கதவை மூடும் ஆடு எப்போதும் கடைசி ஆடு. இந்த வரிசையைப் பின்னாலிருந்து யோசித்து வருவதுதான் இந்த ஆட்டம் தரும் உண்மையான பயிற்சி.

எங்கே அடைப்பது மலிவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூலையில் நிற்கும் புலிக்கு 4 ஆடு. மேல்-1இல் 6. மேல்-2இல் 7. நடு-2இலோ உச்சியிலோ நிற்கும் புலிக்கு 8. மூன்று புலிகளும் மேல்-இ, நடு-இ, கீழ்-இ என்று ஒரே ஓரத்தில் மாட்டினால் மேல்-1, மேல்-2, நடு-1, நடு-2, கீழ்-1, கீழ்-2 ஆகிய 6 ஆடுகளே மூன்றையும் கட்டிவிடும். எனவே நான்கைந்து ஆடு போனாலும் ஆட்டம் போனதாக நினைக்க வேண்டியதில்லை.

ஓர் ஆட்டைத் தின்னக் கொடுத்துப் புலியை மூலைக்கு இழுத்து அடைக்கலாம் என்று பலரும் சொல்லித் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆடிப் பார்த்தால் பெரும்பாலும் பலிப்பதில்லை. காரணம் எளிது. புலி தாண்டியதும் அதற்குப் பின்னால் அதே கோட்டில் இரண்டு புள்ளிகள் காலியாகின்றன: வெட்டுப்பட்ட ஆட்டின் இடம், புலி கிளம்பிய இடம். அந்தக் கோட்டை அடைக்க இரண்டு ஆடு வேண்டும், உங்களுக்குக் கிடைப்பது ஒரு முறை. அருகிலுள்ள இடத்தில் வைத்தால் மறுபடி வெட்டு. தள்ளியுள்ள இடத்தில் வைத்தால் புலி ஓரடி வெளியே வந்துவிடும். பலிக்க வேண்டுமானால் அதே நேரத்தில் வேறொரு புலிக்கும் இரை காட்டி, எதிராளி தன் முறையை அங்கே செலவழிக்கும்படி செய்ய வேண்டும். அதாவது இரண்டு ஆடு விலை. கொடுக்கும் முன் கணக்குப் பாருங்கள்.

ஆடுகள் நகரத் தொடங்கிய பிறகு

15 ஆடும் இறங்கி, ஒன்றும் வெட்டுப்படவில்லை என்றால் பலகையில் காலி 5 புள்ளிகள்தான். பலர் தோற்பது இங்கே. இதுவரை நன்றாக நின்ற சுவரை ஆட்டுக்காரர் இப்போது தானே பிரிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முறை வந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். ஓர் ஆடு முன்னேறினால் அது விட்டுவந்த இடம் ஓட்டையாகும், அந்த ஓட்டைக்குள்தான் புலி தாண்டி இறங்கும்.

நடு-1இலிருந்து ஆட்டை நடு-2க்கு நகர்த்தினால் நடு-1 காலி. நடு-3இல் புலி இருந்தால் ஆடு போயிற்று. அதற்குப் பதில் கீழ்-2இலிருந்து நடு-2க்கு ஏற்றிப் பாருங்கள். குறுக்கே நடு-1 தாங்குகிறது. நெடுக்கே கீழ்-2 இப்போது ஓட்டைதான், ஆனால் மேல்-2இல் புலி இல்லாதவரை உடனே ஆபத்தில்லை. புலி மேல்-2க்கு வர ஒரு நகர்வு செலவழிக்கும். அதற்குள் அடி-2இல் நிற்கும் ஆட்டைக் கீழ்-2க்கு ஏற்றி ஓட்டையை அடைத்துவிடலாம். முன்னால் ஓர் ஆடு ஏறும்போது பின்னால் இன்னொன்று ஏறத் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இரண்டு நகர்வாக யோசிக்காமல் ஒன்றை நகர்த்தாதீர்கள்.

புலிக்காரர்

புலிப் பக்கம் எளிது என்று குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் எளிதுதான், எதிராளி கீழிருந்து சுவர் கட்டத் தெரிந்தவராக இருந்தால் இல்லை.

குறைந்தது ஒரு புலியாவது நடு-2இலோ நடு-3இலோ இருக்கட்டும். அடைக்க 8 ஆடு கேட்கும் இடத்தை விட்டு 4 ஆட்டில் அடைபடும் மூலைக்கு வலியப் போகாதீர்கள். மூலைக்குப் போனால் காரணம் இருக்க வேண்டும்: சுவரின் ஒரு கல்லைப் பிடித்துவைப்பது, அல்லது இரட்டைக் குறி வைப்பது. ஒரே நகர்வில் இரண்டு ஆடுகளுக்குக் குறி வைத்தால் ஆட்டுக்காரர் ஒன்றைத்தான் தாங்க முடியும். தனி ஆடு ஒன்றைத் துரத்துவதைவிட, தாங்கல் இல்லாத இரண்டு ஆடுகளுக்கு நடுவே போய் நிற்பது மேல்.

வெட்டுக் கிடைத்தது என்று உடனே வெட்டுவதும் பிழை. தாண்டி இறங்கும் இடத்திலிருந்து வெளியே வர எத்தனை வழி என்று முதலில் எண்ணுங்கள். ஒரே வழி என்றால், அந்த வழியை அடைக்க ஆட்டுக்காரருக்கு எத்தனை முறை வேண்டும் என்றும் எண்ணுங்கள்.

இரண்டு பேரும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: வாயால் சொல்லிவிட்டு வைப்பது. ஆட்டுக்காரர் வைக்கும் முன், “இப்போது வெட்டுப்படக்கூடியது எதுவும் இல்லை” என்றோ, “நடு-3 ஆபத்தில் இருக்கிறது” என்றோ சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் எதிராளி காட்டித்தர வேண்டும், ஆனால் காய் வைத்தபடியே இருக்கும். பத்து ஆட்டம் இப்படி ஆடினால் சொல்லாமலே கண் அந்தக் கோடுகளைத் தேடத் தொடங்கும்.

பல்லாங்குழி: வேறு வகை வேலை

இங்கே எதிராளியின் மனதைப் படிப்பது குறைவு, மனக்கணக்கு அதிகம். இரண்டு வரிசையில் ஏழு ஏழாக 14 குழி. குழிக்கு 5 முத்து வைத்தால் மொத்தம் 70. சோழி, புளியங்கொட்டை எதுவானாலும் ஒரே அளவாக இருக்கட்டும். புளியங்கொட்டையைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் வண்டு விழும்.

உங்கள் வரிசைக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 7. எதிர் வரிசைக்கு வலமிருந்து இடமாக 8 முதல் 14. எனவே 7க்கு எதிரே 8, 1க்கு எதிரே 14. உங்கள் குழி ஒன்றை அள்ளி அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவீர்கள். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை வழித்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. அத்துடன் உங்கள் முறை முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழியில் சரியாக 4 சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்வார். பசுவைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த முத்து விழுந்ததும் போயிற்று. ஆகவே எதிராளியின் முறையிலும் கண் பலகையில் இருக்க வேண்டும்.

குழியில் எத்தனை முத்து இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து எந்தக் குழியை அள்ளுவீர்கள் என்பது ஒரு கூட்டல்: குழி எண், முத்து எண்ணிக்கை, மேலும் 1. 14ஐத் தாண்டினால் 14ஐக் கழியுங்கள்.

முதல் முறையை 1ஆம் குழியிலிருந்து மனதிலேயே ஆடிப் பாருங்கள். 1 + 5 + 1, அடுத்து அள்ளுவது 7. அதில் 5, 7 + 5 + 1, அடுத்து 13. அதில் 5, கூட்டினால் 19, 14ஐக் கழித்தால் 5ஆம் குழி. இங்கேதான் தடுமாறுவார்கள். 5ஆம் குழியில் இப்போது 5 இல்லை, முதல் சுற்றில் ஒன்று விழுந்து 6 ஆகிவிட்டது. 5 + 6 + 1, அடுத்து 12. அதிலும் 6. கூட்டினால் 19, மறுபடி 5ஆம் குழி. ஆனால் அதைத்தான் அள்ளிவிட்டோமே, வெறுமை. வழித்து, 6ஆம் குழியை எடுக்கலாம். அதில் 7 முத்து.

எல்லாக் குழியிலும் 5 இருப்பதால் எந்தக் குழியிலிருந்து தொடங்கினாலும் முதல் முறையில் கிடைப்பது அதே 7தான். வித்தியாசம் மிச்சம் எங்கே கிடக்கிறது என்பதில். 1இல் தொடங்கினால் உங்கள் வரிசையில் 27, எதிர் வரிசையில் 36. 7இல் தொடங்கினால் உங்களிடம் 31, எதிரே 32. முதல் ஆட்டம் எதுவானாலும் ஒன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு அள்ளுகிறவர் இந்த நான்கு முத்தை விட்டுவிடுகிறார்.

ஒரு குழியில் 13 சேர்ந்திருந்தால் கவனியுங்கள். அதை அள்ளினால் கடைசி முத்து அதற்கு முந்தைய குழியில் விழும், அடுத்தது நீங்கள் அள்ளிய அதே வெற்றுக் குழி. ஆகவே அதற்கு அடுத்த குழி உறுதியாக உங்களுக்கு, பசுவாகப் போயிருந்தால் தவிர.

ஒரு குழியை அள்ளிப் போட்டு அடுத்து அள்ளும் குழிக்குப் போவது ஒரு தாவல். அள்ளும் முன் மூன்று தாவல் வரை மனதில் போய், கடைசியாக எந்தக் குழியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொட்டால் ஆடியே ஆக வேண்டும், விரலால் முத்தை எண்ணக் கூடாது. முதலில் ஒரு தாவல் சரியாக வந்தாலே போதும். தொடர்ந்து பிழை வந்தால் கூட்டலில் குறை இருக்காது, முன் சுற்றில் விழுந்த ஒரு முத்தைக் கூட்ட மறந்திருப்பீர்கள். எழுதி வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

அடுத்த சுற்றுக்கு முத்தைப் பங்கிடுவதும் கணக்குதான், அதைக் குழந்தையிடம் விடுங்கள். ஒருவரிடம் 45, மற்றவரிடம் 25 என்றால் 25 வைத்திருப்பவர் 5 குழியை நிரப்புவார், 2 குழி வெறுமையாக நிற்கும். மற்றவர் 35ஐ ஏழு குழியில் போட்டு 10ஐக் கையில் வைத்திருப்பார். வெற்றுக் குழி எந்த இடத்தில் இருக்க வேண்டும், அந்தக் குழியில் விழும் முத்து யாருக்கு என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு.

பலகையை நினைவில் பிடிப்பது

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சதுரங்க வீரர்களுக்குப் பலகையைச் சில நொடி காட்டி மறைத்து, திரும்ப அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்து நிலைகளைத் தேர்ந்த வீரர் புதியவரைவிட மிக நன்றாக அடுக்கினார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது அந்த மேன்மை கிட்டத்தட்ட இல்லாமல் போயிற்று. தனித்தனிக் காயாக இல்லாமல் கூட்டம் கூட்டமாகப் பார்ப்பதால் வந்த திறமை அது.

ஆடு புலியில் இதையே பழகலாம். பாதி ஆட்டத்தில் 10 நொடி பாருங்கள், துணியால் மூடுங்கள், தாளில் புள்ளிகளைக் குறியுங்கள். ஒவ்வொரு காயாக நினைவுகூர முயன்றால் எட்டு ஒன்பதில் நின்றுவிடும். “இடது ஓரம் முழுக்க ஆடு, அடிக்கோட்டில் மூன்று, நடு-3இல் புலி” என்று கூட்டமாகப் பிடித்தால் பெரும்பாலும் முழுப் பலகையும் வரும். எங்கே பிழை வருகிறதோ அங்கேதான் ஆட்டத்திலும் வெட்டுப்படுகிறீர்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நேரம், யாரோடு

ஒரு நாளைக்கு ஒரு ஆடு புலி ஆட்டம், அல்லது பல்லாங்குழி ஒரு சுற்று. அதற்கு மேல் ஆடினால் களைப்பில் கை தானாக ஓடும். ஆடு புலியில் ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாறுங்கள். ஒரே பக்கம் ஆடுகிறவருக்கு எதிராளி ஏன் அப்படி வைக்கிறான் என்பது கடைசி வரை புரியாது. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழியைக் குழிக்கு 3 முத்தோடு தொடங்கலாம். கண் மங்கிய பெரியவர்களுக்குப் பலகையை ஒன்றரை மடங்கு பெரிதாகப் போட்டு, புலிக்கும் ஆட்டுக்கும் வெவ்வேறு நிறம் கொடுங்கள். கை நடுங்குகிறவர் இடத்தைச் சொல்லட்டும், மற்றவர் காயை வைக்கலாம். புள்ளிகளுக்குப் பெயர் வைத்தது இதற்கும் உதவும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வென்றது தோற்றது எழுத வேண்டாம். முதல் ஆடு எந்தப் புள்ளியில் வெட்டுப்பட்டது, அப்போது எந்தப் பக்கம் தாங்கல் இல்லை, குறுக்கா நெடுக்கா. பல்லாங்குழியில் சொன்ன குழி எது, எடுத்த குழி எது. ஒரு வரி போதும். இருபது வரி சேர்ந்ததும் படித்துப் பாருங்கள், ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்திருக்கும். நெடுக்குக் கோட்டை மறக்கிறவர்களே அதிகம், ஏனென்றால் கால்கள் சாய்வாக ஓடுவதால் கண் அவற்றை ஒரே கோடாகப் பார்ப்பதில்லை. அப்படியானால் பலகையில் நான்கு கால்களையும் நான்கு நிறத்தில் மறுபடி போட்டுவிடுங்கள்.